இரண்டாவது வெடி கேட்கவில்லை: மக்ஸ் ஒஃபுல்ஸின் 'லீபெலாய்'

ஒரு காதல் படத்தைப் பற்றி, அதுவும் தொண்ணூறு வருடங்களுக்கு முந்திய ஜேர்மன் மொழிப் படமொன்றைப் பற்றி, இந்த இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். 1933இல் வெளியான 'லீபெலாய்' மேலோட்டமாகப் பார்த்தால் நமக்கு நன்றாகப் பழகிய கதை. வசதியான வீட்டுப் பொடியன், எளிய குடும்பத்துப் பெண், இடையில் இன்னொருவருடைய மனைவி, கடைசியில் இரண்டு மரணம். ஆனால் படத்தின் அடியில் ஓடுவது மானம் என்ற சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆண்கள் சிலர் கூடி ஒரு முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவால் வாழ்க்கையே அழியப்போகிற ஒருத்திக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மானக் கணக்கில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைத் தீர்மானிப்பது யார்? இந்தக் கேள்விக்காகவே இந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

படத்துக்கு மூலம் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் எழுதிய நாடகம். ஷ்னிட்ஸ்லர் வியன்னா நகரத்து யூதர், தொழிலால் வைத்தியர். நாடகம் 1895 ஒக்டோபர் 9ஆம் திகதி வியன்னாவின் புகழ்பெற்ற பேர்க் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. தலைப்பே ஒரு கதை சொல்கிறது. 'லீபெ' என்றால் ஜேர்மன் மொழியில் காதல். அதன் வாலில் ஓர் ஒட்டைச் சேர்த்ததும் சொல் இலேசாகிவிடுகிறது: 'சும்மா ஒரு காதல்', 'காதல் விளையாட்டு' என்கிற மாதிரி. யாருக்கு அது விளையாட்டு, யாருக்கு அது உயிர் என்பதுதான் நாடகம்.

நாடகம் மூன்று அங்கம். நடப்பது இரண்டே இடத்தில்: முதல் அங்கம் ஃபிரிட்ஸ் என்ற இளைஞனின் வீட்டில், மற்ற இரண்டும் கிறிஸ்டீன் என்ற பெண்ணின் அறையில். ஃபிரிட்ஸுக்கு மணமான ஒரு பெண்ணோடு தொடர்பு. அதனால் அவன் மனம் குழம்பிக் கிடக்கிறான். அவனைத் தேற்றுவதற்காக நண்பன் தியோ, தன்னுடைய தோழி மிட்ஸி மூலமாகக் கிறிஸ்டீனை அறிமுகம் செய்து வைக்கிறான். கிறிஸ்டீன் அரங்கொன்றின் இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் வைரிங் என்பவரின் மகள். நால்வரும் சிரித்துப் பேசி இராச்சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மணி அடிக்கிறது. வந்திருப்பவர் அந்த மணமான பெண்ணின் கணவர். மற்ற மூவரும் பக்கத்து அறைக்குள் போகிறார்கள். வந்தவர் காதல் கடிதங்களைத் திருப்பிக் கொடுக்கிறார். சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை. ஆனால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கிறிஸ்டீன் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஷ்னிட்ஸ்லர் அந்த மணமான பெண்ணை மேடைக்குக் கொண்டுவரவே இல்லை. துவந்த யுத்தத்தையும் காட்டவில்லை. நாமும் கிறிஸ்டீனோடு அவளுடைய அறையில் காத்திருக்கிறோம். கடைசியில் செய்தி வருகிறது. அவன் செத்துவிட்டான், செத்தது இன்னொரு பெண்ணின் பொருட்டு, அடக்கமும் முடிந்துவிட்டது, நெருங்கிய உறவினர் மட்டும் போயிருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. எங்கட ஊர்களில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வேண்டியவர், வேண்டாதவர் எல்லோருடைய காதிலும் விழும். கிறிஸ்டீனுக்கு அதுகூட இல்லை. அவளை உடைப்பது அவனுடைய மரணம் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. அந்த மரணத்தில் தனக்கு ஒரு பங்கும் இல்லை, துக்கம் காக்கக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிய வரும்போதுதான் அவள் உடைகிறாள்.

இனிப் படத்துக்கு வருவோம். இயக்குநர் மக்ஸ் ஒஃபுல்ஸ் அப்போது முப்பது வயதுக்காரர், மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர், அவரும் யூதர். அவர் செய்த முதல் மாற்றம், இளைஞர் இருவரையும் முழுநேர இராணுவ லெப்டினன்ட்களாக்கியது. அடுத்தது, அடைத்த இரண்டு அறைகளையும் திறந்து ஒபரா மண்டபம், படைமுகாம், கோப்பிக்கடை, மாளிகை நடனம், பனி மூடிய காடு என்று வியன்னா முழுவதையும் உள்ளே கொண்டுவந்தது. நாடகத்தில் காணாத எக்கர்ஸ்டோர்ஃப் பிரபுவின் மனைவியைப் படத்தில் காண்கிறோம். பிரபுவாக நடிப்பவர் குஸ்டாஃப் குருண்ட்கென்ஸ். முகத்தில் ஒரு தசையும் அசையாமல் அவர் தரும் பயம், கத்திப் பேசும் நூறு வில்லன்கள் தராத பயம்.

படம் ஒபரா மண்டபத்தில் தொடங்குகிறது. பேரரசர் வருகிறார், பிரபுக்கள் தங்கள் மாடங்களில் அமர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டீனும் மிட்ஸியும் மலிவான மேல்தட்டில் இருந்து எட்டிப் பார்க்கிறார்கள். வைரிங் கீழே இசைக்குழுவில். யார் எந்த உயரத்தில் இருந்து யாரைப் பார்க்கிறார்கள் என்பதிலேயே அந்தச் சமூகத்தின் படிக்கட்டு முழுவதும் தெரிந்துவிடுகிறது.

அன்று மேடையில் நடப்பது மொஸார்ட்டின் 'அந்தப்புரத்திலிருந்து கடத்தல்'. ஐரோப்பிய விமர்சகர்கள் வியன்னாவின் இசைச்சூழலுக்கு ஓர் அடையாளமாக இதைக் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். முஸ்லிம் வாசகருக்கு இதில் நின்று பார்க்க ஒரு விடயம் இருக்கிறது. 1782இல் வியன்னாவில் முதன்முதல் மேடையேறிய அந்த ஒபராவில் சலீம் பாஷா என்று ஒரு துருக்கிய ஆட்சியாளர் வருகிறார். அவர் விரும்பிய பெண் இன்னொருவனை விரும்புகிறாள். அவளைக் கடத்திக்கொண்டு ஓட வந்தவன் பிடிபடுகிறான். பார்த்தால் அவன் பாஷாவின் பரம எதிரியின் மகன். பழிவாங்க இதைவிட என்ன காரணம் வேண்டும்? பாஷா மன்னித்து எல்லோரையும் விட்டுவிடுகிறார். அந்த ஒபரா முஸ்லிம்களைப் பற்றிய நல்ல சித்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. தலையை வெட்டு, தூக்கில் போடு என்று குதிக்கும் ஒஸ்மின் என்ற கோமாளிக் காவற்காரனும் அதே ஒபராவில்தான் இருக்கிறான். ஐரோப்பா அந்தக் காலத்தில் நம்மைப் பற்றிப் புனைந்த இரண்டு உருவமும் அங்கே உண்டு. ஆனால் ஒஃபுல்ஸின் படத்தில் அதற்கு வரும் அர்த்தம் வேறு. வியன்னாவின் மேட்டுக்குடி முழுவதும் கூடியிருந்து, மனைவியல்ல, தான் விரும்பிய பெண்ணின் விடயத்தில் மன்னித்த ஒரு 'துருக்கியனின்' கதையைப் பார்க்கிறது. அந்த இரவில் ஃபிரிட்ஸ் பிரபுவின் மனைவியிடம் போவதற்காக இடையில் எழுந்து போகிறான். சந்தேகம் கொண்ட பிரபுவும் முடிவுவரை இருக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். மன்னிப்புக் காட்சி வரும்போது, அதைப் பார்க்க வேண்டிய ஆள் மண்டபத்தில் இல்லை. ஒஃபுல்ஸ் இதை விரல் நீட்டிச் சொல்லவில்லை. ஒபராவின் கதை தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும்.

காதல் பகுதிகள் இலேசானவை, அழகானவை. கோப்பிக்கடையொன்றில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி ஒலிக்க, கிறிஸ்டீனும் ஃபிரிட்ஸும் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். அவர்களைச் சுற்றிக் கூட்டமில்லை, விளக்கலங்காரம் இல்லை. பின்னர் பிரபுவின் உலகத்தில் நடக்கும் நடனத்தைப் பார்க்கும்போதுதான் முதலாவதின் பெறுமதி புரிகிறது. அங்கே ஒவ்வோர் அடியும் பலர் கண்காண வைக்கப்படும் அடி. ஒஃபுல்ஸின் கமரா ஆடுபவர்களோடு தானும் நகர்கிறது. பிற்காலத்தில் உலகம் மெச்சிய அவருடைய நகரும் கமராவை இங்கேயே காணலாம். பிறகு பனிக்காட்டில் சறுக்குவண்டிப் பயணம். அங்கே இருவரும் என்றைக்கும் மாறாத காதல் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். நமது அகப்பாடல்களில் தலைவன் பிரியேன் என்று சூளுரைப்பதும், அந்தச் சூள் பொய்த்தால் அவனுக்கு என்ன ஆகுமோ என்று தலைவி அஞ்சுவதும் தமிழ் படித்தவருக்கு நினைவு வரும். இங்கே சூள் பொய்க்கவில்லை. அதற்கு முன்பே கொடுக்கப்பட்ட வேறொரு கணக்கு அவனைத் தேடி வருகிறது.

ஃபிரிட்ஸ் பிரபுவின் மனைவியோடு தொடர்பை முறித்துவிட்டான். ஆனால் விடயம் பிரபுவுக்குத் தெரிந்துவிட்டது. இனி விதி ஒன்றுதான்: இருவரும் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். பிரபு முதலில் சுடுவார். தியோ மேலதிகாரியிடம் போய் இதைத் தடுக்கச் சொல்கிறான். அவர் மறுக்கிறார், ஓர் அதிகாரியின் மானம் பற்றிப் பேசுகிறார். உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியே இல்லாத நிலையில் சுடுவதைத் தவிர மற்ற எந்த வெடியும் கொலைதான் என்ற கருத்தைத் தியோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இராணுவத்தை விட்டே விலகுகிறான். நாடகத்தில் இல்லாத இந்தக் காட்சிதான் படத்தின் முதுகெலும்பு. ஜேர்மனியில் இராணுவச் சீருடைக்கு மறுபடியும் சலாம் போடத் தொடங்கியிருந்த நேரத்தில் வந்த வசனம் இது.

துவந்த யுத்தத்தை ஒஃபுல்ஸ் காட்டும் விதத்தைப் பாருங்கள். தியோவும் மிட்ஸியும் தூரத்தில் காத்து நிற்கிறார்கள். ஒரு வெடி கேட்கிறது. அது பிரபுவுடையது. ஃபிரிட்ஸ் உயிரோடிருந்தால் இப்போது அவன் சுட வேண்டும். இரண்டாவது வெடிக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள், நாமும் காத்திருக்கிறோம். வெடி கேட்கவில்லை. இரத்தமில்லை, விழுந்த உடல் இல்லை. சினிமாவுக்குப் பேச்சு வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலத்தில், ஒலி இல்லாமையைக் கொண்டு ஒரு மரணத்தை அறிவிக்கலாம் என்று இந்த இளைஞர் கண்டுகொண்டிருக்கிறார்.

இந்த மானச் சட்டம் ஷ்னிட்ஸ்லருக்குப் புத்தகத்தில் படித்த விடயம் இல்லை. நாடகம் மேடையேறி ஆறு மாதமும் ஆகாமல், 1896 மார்ச்சில், ஒஸ்ரியாவின் ஜேர்மன் தேசியவாத மாணவர் சங்கங்கள் வைட்ஹோஃபன் தீர்மானம் என்று ஒன்றை எடுத்தன. யூதருக்கு மானமே கிடையாது, ஆகவே அவரை அவமதிக்கவும் முடியாது, அவர் துவந்த யுத்தத்துக்கு அழைக்கவும் தகுதியில்லை என்பதே அதன் சாரம். 1900இல் ஷ்னிட்ஸ்லர் 'லெப்டினன்ட் குஸ்ட்ல்' என்ற கதையை எழுதினார். ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் தன்னை அவமதித்துவிட்டார் என்பதற்காக இரவு முழுவதும் சாவைப் பற்றி யோசிக்கும் ஓர் அதிகாரியின் மனவோட்டம் அது. ரொட்டிக்கடைக்காரர் துவந்த யுத்தத்துக்குரிய தகுதி உள்ளவர் இல்லையே, அவரோடு எப்படிச் சுடுவது! கதை வெளிவந்ததும் இராணுவத்தின் மானத்தைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லி, 1901இல் ஷ்னிட்ஸ்லரின் வைத்திய அதிகாரிப் பதவியைப் பறித்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மானம் என்பது அந்த உலகத்தில் ஒரு குணமாக இருக்கவில்லை, ஓர் இடாப்பாக இருந்தது. பிரபுவின் பெயர் அதில் உண்டு, லெப்டினன்டின் பெயர் உண்டு. ரொட்டிக்கடைக்காரரின் பெயரோ, யூதரின் பெயரோ, வயலின்காரரின் மகளின் பெயரோ அதில் இல்லை. கிறிஸ்டீனிடம் யாரும் எதையும் சொல்லாததற்குக் காரணம் கொடூரம்கூட இல்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

இப்போது குறையைச் சொல்ல வேண்டும். ஒஃபுல்ஸ் ஃபிரிட்ஸை அதிகம் கழுவிவிட்டார். நாடகத்து ஃபிரிட்ஸ் கிறிஸ்டீனிடம் வந்தது ஆறுதல் தேடி. அவளை மெய்யாகவே விரும்பத் தொடங்கியிருக்கலாம், ஆனால் அதை அவனே நிச்சயமாக அறியமாட்டான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நகரத்தின் ஓரத்துப் பெண்களோடு கொஞ்சக் காலம் பழகிவிட்டுப் பிறகு தங்கள் வகுப்பில் கலியாணம் முடிப்பது அந்நாளைய வழமை. அந்தப் பெண்களுக்கு 'இனிய பெண்' என்று ஒரு செல்லப் பெயரும் வைத்திருந்தார்கள். ஷ்னிட்ஸ்லர் அந்தச் செல்லப் பெயருக்குள் இருந்த அநியாயத்தை எடுத்துக் காட்டினார். வுல்ஃப்காங் லீபெனைனர் நடிக்கும் படத்து ஃபிரிட்ஸோ சுத்தமான காதலன், பழைய தவறொன்றுக்குப் பலியாகிறவன். குற்றமெல்லாம் சட்டத்தின் தலையில் போய்விடுகிறது. அடக்கம் முடிந்த பின் தெரிய வரும் அந்த அவமானமும் படத்தில் இல்லை. செய்தி உடனேயே அவளிடம் வந்துவிடுகிறது. துவந்த யுத்தத்துக்கு எதிரான குரல் ஓங்கும்போது, வகுப்புக் கொடுமைக்கு எதிரான குரல் தணிந்துவிடுகிறது.

நாடகத்தில் நமது வீடுகளுக்கு மிக நெருக்கமான இடம் தகப்பன் வைரிங்கினுடையது. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். தாய்தகப்பன் இல்லாத வீட்டில் அவளை அவர் கண்ணும் கருத்துமாகக் காத்தார். ஆபத்து எதுவும் அண்டவில்லை. அவள் அப்படியே முதிர்ந்து, மௌத்தாகியும் போனாள். காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்ட மனிதருக்கு இப்போது வேறு நினைவு வருகிறது: துன்பத்தில் இருந்து மட்டுமா அவளைக் காத்தேன், சந்தோஷத்தில் இருந்தும் அல்லவா? அதனால்தான் மகளை அவர் கட்டிப் போடவில்லை. முடிவோ நமக்குத் தெரியும். நமது சமூகத்தில் பொம்பிளைப் பிள்ளைகளைக் காப்பது பற்றிப் பேசும்போது இரண்டு கட்சி இருக்கிறது. இறுக்கிப் பிடி என்பது ஒன்று, விட்டுவிடு என்பது மற்றது. வைரிங் இரண்டையும் செய்து பார்த்தவர். இரண்டிலும் தோற்றார். இரண்டு தடவையும் அவர் கைவைத்தது பெண்ணின் மேல்தான் என்பது என் வாசிப்பு. கதவைத் தட்டி வரும் ஆணை யாரும் விசாரிக்கவில்லை. நீ யார், உன் நிய்யத் என்ன, உன் வீட்டாருக்கு இவளைத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்பாரில்லை. வலி என்ற பொறுப்பின் அர்த்தம் பெண்ணுக்குப் பூட்டுப் போடுவதில் இல்லை, அவளுக்காக அந்தக் கேள்வியைக் கேட்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

படத்தின் இறுதிக்கு வருவோம். இசைக்குழு பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது வைரிங்குக்குச் செய்தி வருகிறது. பிறகு கிறிஸ்டீனிடம் சொல்ல வேண்டும். மக்டா ஷ்னைடரின் முகத்தை விட்டுக் கமரா நகர மறுக்கிறது. படம் முழுக்க ஆடி அசைந்த கமரா இங்கே உறைந்து நிற்கிறது. சொல் தடுமாறி, பாதியில் அறுந்து, மறுபடி தொடங்குகிறது. அலறல் இல்லை. அழவேண்டிய இடத்தில் நடிகை அழாமல் இருந்தால் பார்ப்பவர் அழுவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குப் பிறகு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் யன்னலால் குதித்து உயிரை மாய்த்துக்கொள்கிறாள். உடனே பனி மூடிய அந்தக் காடு மறுபடி தோன்ற, பழைய சத்தியம் குரலாக ஒலிக்கிறது. சாவு அங்கே சேர்ந்துவிட்ட காதலர்களின் சாந்தியாக மாறிவிடுகிறது. நம் மார்க்கம் தற்கொலையைத் தடுத்திருக்கிறது என்பது ஒரு பக்கம். கலைக் கணக்கிலும் இது நட்டம்தான். நாடகத்தில் அவள் வெளியே ஓடுகிறாள், இனித் திரும்பி வரமாட்டாள் என்று தகப்பன் விழுந்து கதறுகிறார், திரை விழுகிறது. அங்கே பார்வையாளருக்கு ஆறுதல் கிடையாது, கோபத்தோடு எழுந்து போக வேண்டும். படம் அந்தக் கோபத்தைக் கண்ணீராக்கி அனுப்பிவிடுகிறது.

என்றாலும் வரலாறு அந்தக் கோபத்தைப் படத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. படம் பேர்லினில் 1933 மார்ச் நடுப்பகுதியில் திரைக்கு வந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்து ஆறு கிழமைதான். நாடாளுமன்றக் கட்டிடம் எரிந்த பிறகு ஒஃபுல்ஸ் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருந்து யூதர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. சனம் டிக்கெட் வாங்கி அழுது ரசித்த படத்தை எடுத்தவர் யார் என்று திரையில் இல்லை. அதே வருடம் மே மாதம் எரிக்கப்பட்ட நூல்களில் ஷ்னிட்ஸ்லருடையவையும் இருந்தன. அவர் 1931இலேயே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. இடாப்பில் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிப் படமெடுத்தவரின் பெயர் அந்தப் படத்தின் இடாப்பிலேயே இல்லாமல் போனது.

நடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குருண்ட்கென்ஸ் நாஜி ஆட்சியில் பேர்லினின் அரச நாடக அரங்குக்குத் தலைவரானார். மென்மையான காதலனாக வந்த லீபெனைனர் இயக்குநராகி, 1941இல் 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்ற படத்தை எடுத்தார். தீராத நோயாளிகளைக் கொல்வது கருணைதான் என்று மக்கள் மனதைப் பழக்குவதற்காக எடுக்கப்பட்ட படம் அது. வைரிங்காக நடித்த போல் ஹோர்பிகரோ போரின் கடைசி மாதங்களில் நாஜிகளால் சிறைவைக்கப்பட்டார். ஒரே படத்தில் நின்றவர்கள் எத்தனை திசை! வாழத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்ற இடாப்பு அதற்குள் எவ்வளவு நீண்டுவிட்டது!

1958இல் இதே கதை 'கிறிஸ்டீன்' என்ற பெயரில் பிரான்சில் வண்ணப்படமாக வந்தது. மக்டா ஷ்னைடரின் மகள் ரோமி ஷ்னைடர் தாயின் பாத்திரத்திலும், அலன் டெலோன் காதலனாகவும் நடித்தார்கள். பார்க்க அழகு, அவ்வளவுதான். ஒஃபுல்ஸ் 1953இல் பிரான்சில் எடுத்த 'மதாம் தெ...' படத்திலோ மறுபடியும் ஒரு கணவர், ஒரு காதலன், ஒரு வெடி. இருபது வருடம் கழித்தும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

இப்படத்தைக் காதல் கதையாகப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒன்றரை மணித்தியாலம்கூட ஓடாது. ஆனால் வளர்ந்த பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த வெடிக் காட்சியில் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைக் கேட்கலாம்: இந்த நேரத்தில் கிறிஸ்டீன் எங்கே? அவள் பாட்டுப்பாடிக் காட்டி ஒரு வேலை எடுப்பதற்காக ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். மானத்தைக் காக்க நின்ற அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.